அசூலா தோற்றபோது நமக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

கோத்தகிரி மேகம் | சனி, இரவு 9.40

கோத்தகிரியில் மதியத்திலிருந்து மழை. நாலு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் நானும் சித்தி மகளும் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் கடைசி நான்கு பகுதிகளைப் பார்த்து முடித்தோம். எனக்கு இது மூன்றாவது தடவை, அவளுக்கு முதல் தடவை. அவளுக்கு 11 வயது.

முடிந்ததும் கட்டிலில் ஏறிக் குதிப்பாள் என்று நினைத்தேன். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாயகன் ஆங் ஜெயித்ததோ, நூறு வருடப் போர் முடிந்ததோ, ஜூகோ முடிசூடியதோ எதுவும் அவள் மனதில் நிற்கவில்லை. “அந்த அக்காவைச் சங்கிலியில் கட்டினாங்களே, அப்புறம் அவங்களைக் காட்டவே இல்லையே” என்று அசூலாவைப் பற்றிக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு: 2005 முதல் 2008 வரை வந்தது, மொத்தம் 61 பகுதிகள். நீர், மண், நெருப்பு, காற்று என நான்கு மக்கள். நெருப்பு நாடு மற்ற மூன்றின் மேலும் படையெடுத்துக் காற்று மக்களில் ஆங் என்ற சிறுவனைத் தவிர எல்லாரையும் அழித்துவிட்டது. அந்த நாட்டு ராஜா ஓசாய். மகன் ஜூகோவுக்கு 16 வயது. மகள் அசூலாவுக்கு 14. நெருப்பு நாட்டில் தீயை ஆளத் தெரிந்த எல்லாருக்கும் அது மஞ்சளும் சிவப்புமாக வரும். இவளுக்கு மட்டும் நீலம்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் பருவத்தின் முதல் பகுதியில் அவள் மின்னலைப் பாய்ச்சிப் பழகுவாள். பிரமாதமாக வரும். ஆனால் நெற்றியில் முடிக்கற்றை ஒன்று கலைந்து விழும். அந்த ஒற்றைக் கற்றைக்காகத் திரும்ப முதலிலிருந்து செய்வாள். கடைசிக்கு முந்தைய பகுதியில் அதே பெண் கண்ணாடி முன்னால் நின்று தன் முடியைத் தானே கத்தரிக்கோலால் கோணலாக வெட்டிக்கொள்கிறாள். வெட்டிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்குள் அம்மா நிற்கிறாள். அம்மா நிஜத்தில் அங்கே இல்லை. சீப்பை எறிந்து கண்ணாடியை உடைக்கிறாள்.

முதலில் கலைந்த அந்தக் கற்றையை வரைந்தபோதே இந்த முடிவு அவர்கள் மனதில் இருந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டாம். இருபது பகுதிக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டையும் என் கண்ணில் சேர்த்துவிட்டார்கள், அது போதும். என் கேள்வி இதுதான். இவ்வளவு கெடுதல் செய்தவள் தோற்கும்போது நமக்கு ஏன் தொண்டை அடைக்கிறது?

குன்னூர் ரயிலடி | சனி, இரவு 10.05

எனக்குத் தொண்டை அடைக்கவில்லை, மேகம். உண்மையாகவே சொல்கிறேன்.

பா சிங் சே நகரத்தின் அடியில் ஆங் தன் முழு சக்திக்குள் போகும்போது முதுகில் மின்னல் விட்டவள் அசூலா. ஆங்கின் தோழி கட்டாரா கையில் குணமாக்கும் வடதுருவத்து நீர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையன் அன்றே முடிந்திருப்பான். அவனுக்கு 12 வயது. 14 வயது என்று இவளுக்கு இரக்கம் காட்டினால் கட்டாராவுக்கும் அதே 14தான். தாயைப் போரில் பறிகொடுத்தவள் கட்டாரா. அவள் யாரையும் முதுகில் சுடவில்லை.

கெட்டவர்களை ஆழமாக எழுதியிருக்கிறார்கள் என்பதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொடரை நான் கொண்டாடுவதும் அதற்காகத்தான். ஆழம் இருப்பதாலேயே பழி குறைந்துவிடாது.

கோத்தகிரி மேகம் | சனி, இரவு 10.12

பழியைக் குறைக்கச் சொல்லவில்லை அண்ணா. அழுகை ஏன் வருகிறது என்றுதான் கேட்கிறேன். போன் சார்ஜ் 9 சதவீதம். காலையில் வருகிறேன், எல்லாரும் எழுதுங்கள்.

வெலிங்டன்காரன் | ஞாயிறு, காலை 6.50

அப்பா ராணுவத்தில் இருந்தவர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் பனியில் மூச்சுப் புகைய ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். அதனால் முதல் பருவத்தின் 12ஆம் பகுதி எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

போர் ஆலோசனைக் கூட்டத்தில் தளபதி ஒருவர் திட்டம் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்த வீரர்களின் படைப்பிரிவை முன்னால் நிறுத்தி எதிரிக்கு இரையாக்கிவிட்டு, அந்த நேரத்தில் பின்னாலிருந்து தாக்கலாம் என்கிறார். 13 வயது ஜூகோ எழுந்து கேட்டுவிடுகிறான். நாட்டை நேசித்து வந்த பிள்ளைகளை எப்படிப் பலி கொடுப்பீர்கள் என்று. அதற்குத் தண்டனைதான் அக்னி கை, அதாவது நெருப்பால் மோதும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. தளபதியோடு மோதப் போகிறோம் என்று நம்பித் திரும்பினால் எதிரே அப்பா நிற்கிறார். பையன் மண்டியிட்டு அழுகிறான். அப்பா அவன் முகத்தைச் சுட்டு, நாடு கடத்திவிடுகிறார்.

இது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஆனால் அந்தச் சண்டையைப் பார்க்கிற கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று திரும்பப் பாருங்கள். ஐரோ பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அசூலா கண்ணெடுக்காமல் பார்க்கிறாள், முகத்தில் சிரிப்பு, கை முஷ்டி பிடித்திருக்கிறது. அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. கணக்குப் போட்டால் அப்போது அவளுக்கு 11 வயது.

மேகம், உங்கள் சித்தி மகளுக்கும் அதே வயதுதான். அந்த வயதில், அந்த வீட்டில், அந்தப் பெண் அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்னவாக இருக்கும்? கெஞ்சியவனைச் சுட்டார்கள், அப்பா பக்கம் நின்றவளை யாரும் தொடவில்லை. சிரிப்பைத்தான் நாம் பார்க்கிறோம். எனக்கு அந்த முஷ்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கோத்தகிரி மேகம் | ஞாயிறு, காலை 8.15

கரண்ட் வந்துவிட்டது. 11 வயது என்று நான் கணக்கே போட்டதில்லை. இதைப் படித்துவிட்டு அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடலூர்ப் பேத்தி | ஞாயிறு, காலை 10.30

எல்லாரும் அசூலாவைப் பேசுகிறீர்கள். நான் ஐரோவைக் கொண்டுவருகிறேன். இந்த இழைக்கு வெளியே போகவில்லை, பொறுத்துப் படியுங்கள்.

நான் தேயிலை வீட்டுப் பெண். தாத்தா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் கூடலூர் வந்து சேர்ந்தார்கள். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கம் இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. டான்டீ என்று சொன்னால் நீலகிரியில் தெரியாதவர் யார். பாட்டி அதில் கொழுந்து பறித்தே கண்ணை மூடினார். லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஜூகோவும் ஐரோவும் சொந்த நாட்டாலேயே தேடப்படுகிறவர்களாகி, அகதிகளோடு அகதிகளாகப் படகில் ஏறி பா சிங் சே போவார்கள் அல்லவா. அந்தப் பகுதியை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் புரியாது. மூட்டை முடிச்சோடு வரிசையில் நிற்கும் கூட்டம் மட்டும் புரிந்தது. கெட்டுப்போன சாப்பாட்டை ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் தலைவன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொன்னேன். தலையாட்டினார். ஐரோவைக் காட்டி, “இவர்கிட்ட கார்டு இருக்கா?” என்று கேட்டார். ஒப்பந்தத்தில் வந்தபோது கொடுத்த அவருடைய குடும்ப அட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

அந்த நகரத்தின் அடித்தட்டுப் பகுதியில் ஒரு டீக்கடையில் இருவரும் வேலைக்குச் சேர்கிறார்கள். ஜூகோ ஏப்ரன் கட்டிக்கொண்டு டீ கொண்டுபோய் வைக்கிறான். ஐரோ தேநீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பாட்டி ஞாபகம் வரும். எப்போது கிள்ள வேண்டும், எந்த இலையை விட வேண்டும் என்று பாட்டியும் அப்படித்தான் பேசுவார். அதனால் ஐரோவை மனசார நேசித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த ஊரை 600 நாள் முற்றுகையிட்டவர் யார்? அவரேதான். ‘ஜூகோ அலோன்’ பகுதியில் பழைய கடிதம் ஒன்று வரும். முற்றுகைக் களத்திலிருந்து தம்பி பிள்ளைகளுக்கு எழுதுகிறார். நீங்களும் ஒருநாள் இந்த ஊரைப் பார்க்கலாம், அதற்குள் நாங்கள் எரித்துத் தரைமட்டமாக்காமல் இருந்தால் என்று. அதைப் படித்துக் குடும்பமே சிரிக்கிறது. அம்மா உர்சா உட்பட. ஜூகோ உட்பட.

அவர் ஊற்றிய டீயைக் குடித்தவர்களில் எத்தனை பேர் அவர் படையால் பிள்ளையை இழந்தவர்கள்? தொடர் அதைக் கேட்கவில்லை. அவருடைய மகன் அந்த முற்றுகையில் இறந்துபோனான். மகனை நினைத்துக் குன்றின் மேல் உட்கார்ந்து அவர் பாடுகிற காட்சியில் நானும் அழுதேன். அவருக்குக் குரல் கொடுத்த மாகோ 2006இல் காலமானதால் அந்தக் குறும்பகுதியை அவருக்கே காணிக்கையாக்கியிருந்தார்கள். அழுததில் வருத்தமில்லை. ஆனால் ஐரோவை மன்னிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அசூலா என்றால் மட்டும் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம்?

குன்னூர் ரயிலடி | ஞாயிறு, காலை 11.20

கூடலூர்ப் பேத்தி, இதற்குப் பதில் எழுத மூன்று தடவை ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன், கடந்து போயிருக்கிறேன். ஐரோவை நாம் சந்திக்கும்போதே அவர் மாறி முடித்தவர். கெட்டவராக இருந்த காலத்தை நாம் பார்க்கவில்லை. அசூலாவின் கெட்ட காலத்தை மட்டும் பார்க்கிறோம், அதன் பிறகு வந்திருக்கக்கூடிய காலம் நமக்குக் காட்டப்படவில்லை. என்னிடம் இப்போதைக்கு இருக்கிற பதில் இவ்வளவுதான். இது போதாது என்று எனக்கே தெரிகிறது.

உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கொடை வானம் | ஞாயிறு, மதியம் 1.00

பழனி மலைப்பக்கத்திலிருந்து. 1899இல் தொடங்கிய, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆய்வகம் எங்கள் ஊரில் இருப்பதால், தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது சூரிய கிரகணம் வரும் இரண்டு பகுதிகள். கிரகணத்தின் எட்டு நிமிடமும் நெருப்பு நாட்டுக்காரர்கள் யாருக்கும் தீ வராது. 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் பார்க்கத் திண்டுக்கல் இறங்கிப் போயிருந்தேன். வெயில் அடித்துக்கொண்டே வெளிச்சம் மங்கியது, நிழல்கள் கூர்மையாகிவிட்டன. அப்போது இந்தக் கதைதான் மனதில் ஓடியது.

அந்த எட்டு நிமிடத்தில் அசூலா என்ன செய்கிறாள் பாருங்கள். தீ இல்லை, மின்னல் இல்லை. ஆங், அவன் நண்பர்கள் டாஃப், சாக்கா மூன்று பேர் எதிரே. ஓடியும் பேசியும் நேரத்தைக் கரைக்கிறாள். சிறையில் கிடக்கும் காதலி சூக்கியைப் பற்றிச் சொல்லிச் சாக்காவை அங்கேயே கட்டிப்போடுகிறாள். காலடி அதிர்வில் பொய்யைக் கண்டுபிடிக்கிற டாஃப் எதிரிலேயே, தான் 400 அடி உயர ஊதா நிறப் பிராணி என்று முகம் மாறாமல் சொல்கிறாள். டாஃபால் பிடிக்க முடியவில்லை. அவளுடைய ஆயுதம் நீலத் தீ அல்ல. எதிரே நிற்கிறவருக்கு எங்கே வலிக்கும் என்ற அறிவுதான்.

அந்த அறிவு ஒரே இடத்தில் பொய்த்துப்போகிறது. கொதிக்கும் ஏரிச் சிறையில் அவளுடைய தோழிகள் மே, டை லீ இருவரும் அவளை விட்டு விலகுகிற இடம். பயத்தை அளக்கத் தெரிந்தவளுக்கு அன்பை அளக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரையும் நம்ப முடியாமல் வேலைக்காரியிலிருந்து காவலாளி வரை எல்லாரையும் விரட்டுகிறாள்.

மலைப்பாதை டீச்சர் | ஞாயிறு, மாலை 5.45

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி 19 வருடம் ஆகிறது. இந்தத் தொடரை எனக்குக் காட்டியவர்கள் என் மாணவர்கள்தான். கார்ட்டூன் என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று பருவமும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கலைந்த முடிக்கற்றையைப் பற்றி மேகம் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. எந்த வருடம், எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண். கணக்கில் 98 வந்த அன்று விடைத்தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மற்ற பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காது, தலைக்கனம் என்பார்கள். அவள் மற்றவர்களைப் புண்படுத்தியதும் உண்டு. நானும் அவளைக் கண்டித்திருக்கிறேனே தவிர, பக்கத்தில் உட்கார்த்தி எதுவும் கேட்டதில்லை. தோற்கிற பிள்ளையிடம் போய் உட்காருவோம். ஜெயிக்கிற பிள்ளைக்கு என்ன தேவை இருக்கப்போகிறது என்று விட்டுவிடுவோம். அந்த வருடம் முழுக்க நானும் அப்படி விட்டுவிட்டேன்.

மூன்றாம் பருவத்தில் கடற்கரைப் பகுதி வரும். இரவில் ஜூகோ, அசூலா, மே, டை லீ நான்கு பேரும் தீ மூட்டி உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள். அசூலா கடைசியில், பெற்ற தாயே தன்னை அரக்கி என்று நினைத்தாள் என்கிறாள். அம்மா நினைத்தது சரிதான், ஆனாலும் வலித்தது என்றும் சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவள் உடைந்தது கடைசிப் பகுதியில் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இல்லை. அந்தக் கடற்கரையிலேயே உடைந்துவிட்டாள். அண்ணனும் தோழிகள் இரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தும் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

உர்சாவைக் குறை சொல்லி இங்கே யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். அந்த அரண்மனையில் மகனை உயிரோடு காப்பாற்றுவதற்கே அந்தத் தாய்க்கு இருந்த தெம்பெல்லாம் போய்விட்டது.

ஊட்டிப் பனி | ஞாயிறு, இரவு 8.30

டீச்சர் எழுதியதற்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் மிகச் சிறப்பாக எழுதப்பட்ட கெட்டவர் அசூலா இல்லை. ஹாமா பாட்டி.

ஒரே பகுதிதான் வருகிறார், மூன்றாம் பருவத்தின் எட்டாவது. கட்டாராவைப் போலவே தென்துருவத்து நீர்க்குடிப் பெண். இளம் வயதில் நெருப்பு நாட்டுப் படை பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைக்கிறது. தண்ணீரை ஆளக்கூடியவர்கள் என்பதால் அவர்களை வைத்திருந்த இடத்தில் காற்றில்கூட ஈரம் இருக்காது. குடிக்கத் தண்ணீர் தரும்போதும் கை கால்களைக் கட்டித்தான் தருவார்கள். அத்தனை வருடமும் கூண்டுக்குள் ஓடும் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹாமாவுக்கு ஒன்று புரிகிறது. எலியின் உடம்புக்குள்ளும் தண்ணீர்தானே இருக்கிறது? முழுநிலவு நாளில் முதலில் எலிகள், அப்புறம் காவல்காரர்கள். ரத்தத்தையே ஆண்டு, கதவைத் திறக்க வைத்து வெளியே வருகிறார்.

வெளியே வந்தவர் ஊர் திரும்பவில்லை. நெருப்பு நாட்டுக் கிராமம் ஒன்றிலேயே விடுதி நடத்திக்கொண்டு, முழுநிலவு இரவுகளில் சாதாரண ஜனங்களை மலைக்குகைக்கு நடத்திச் சென்று சங்கிலியில் பூட்டுகிறார். தனக்கு நடந்ததை அப்படியே திருப்பிச் செய்கிறார்.

கட்டாராவுக்குப் பாடம் எடுக்கும்போது ஹாமா ஒரு வயல் நிறையப் பூத்திருக்கும் சிவப்புப் பூக்களிலிருந்து ஈரத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சுவார். பூக்கள் கருகித் தலை தொங்கும். பூக்களைப் பார்த்துக் கட்டாரா வருந்துவாள், பாட்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. ஜனவரியில் உறைபனி இறங்கிய மறுநாள் காலை எங்கள் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தனியாகப் புரியும். வெள்ளை வெளேரென்று ஊரே அழகாக இருக்கும், சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள். வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகிக் கிடக்கும். தண்ணீர் சுடும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஹாமா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். அவர் செய்த எதுவும் நியாயம் இல்லை. கடைசியில் ஆங்கையும் சாக்காவையும் காப்பாற்றக் கட்டாராவே ரத்தத்தை ஆள வேண்டி வருகிறது. பாட்டியைப் பிடித்துக்கொண்டு போகும்போது, என் வேலை முடிந்தது என்கிற திருப்தியோடு போகிறார். கட்டாரா அங்கேயே விழுந்து அழுகிறாள். எட்டு பகுதி தள்ளி, அம்மாவைக் கொன்றவனைத் தேடிப் போகும்போது அதே வித்தையை அவள் விரும்பியே எடுக்கிறாள். முதலில் பிடித்த ஆள் வேறு ஆள் என்பதுதான் என்னை உலுக்கியது. உண்மையான ஆளைக் கண்டுபிடித்த பிறகு கொல்லாமல் விடுகிறாள். மன்னிக்கவும் இல்லை.

அசூலாவை அவள் அப்பா உருவாக்கினார். ஹாமாவைப் போர் உருவாக்கியது. அப்பா கெட்டவர் என்று கைகாட்டிவிடலாம். போருக்கு எந்தப் பக்கம் கைகாட்டுவது?

வெலிங்டன்காரன் | ஞாயிறு, இரவு 8.50

ஜெட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை இழந்த பையன், அணையை உடைத்து, நெருப்பு நாடு பிடித்துவைத்திருக்கும் ஒரு ஊரையே மூழ்கடிக்கத் துணிகிறான். அந்த ஊரில் அவனுடைய மண் ராஜ்ஜியத்து ஜனங்களும்தான் இருக்கிறார்கள்.

கோத்தகிரி மேகம் | ஞாயிறு, இரவு 9.15

ஊட்டிப் பனி அக்கா, ஹாமா பகுதியைச் சித்தி மகளுக்குக் காட்டாமல் தாண்டியிருந்தேன். பயந்துவிடுவாள் என்று. இப்போது அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது, பகலில்.

ஓசாயைப் பற்றி யாருமே எழுதவில்லை, கவனித்தீர்களா? இரண்டு பருவம் முழுக்க அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். நிழல், தீ, முதுகு, குரல், அவ்வளவுதான். மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில்தான் முகம் தெரியும். அவ்வளவு நாள் காத்திருந்து பார்த்தால் சாதாரணமான, அழகான மனிதர் முகம். முதலில் ஏமாற்றமாக இருந்தது. இப்போது அதுவே சரி என்று படுகிறது. ஓசாய்க்கு உள்ளே தேட எதுவும் இல்லை. அவர் சுட்ட இடங்களைத்தான் கதை தேடிப் போகிறது.

குன்னூர் ரயிலடி | திங்கள், இரவு 10.40

நேற்று ஞாயிறு முழுக்க இது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போனால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக்கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். களத்தில் மண்ணாலேயே துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். பத்து ஆள் நீளம் இருக்கும். பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். அத்தனை ராத்திரி கூத்து பார்த்து, சபையில் அவன் செய்த அக்கிரமத்துக்குப் பல்லைக் கடித்த அதே பெண்கள், அவன் விழுந்ததும் ஒப்பாரி வைப்பார்கள். வேஷம் கட்டியவர் மட்டும் அல்ல, எங்கள் பெரியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கெட்டவன்தானே, ஏன் அழறீங்க என்று கேட்டேன். “அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானடா” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மேகம் கேட்ட கேள்வியை நான் எட்டு வயதிலேயே கேட்டிருக்கிறேன். பதிலும் வாங்கியிருக்கிறேன். மறந்துவிட்டேன்.

ஆனாலும் என் கட்சியை முழுசாக விடவில்லை. பெரியம்மா அழுதார்கள், பீமனை நிறுத்தச் சொல்லவில்லை. அவன் விழத்தான் வேண்டும். அசூலாவும் அன்று சங்கிலியில் கட்டப்படத்தான் வேண்டும். கட்டாராவைக் கொல்ல மின்னல் விட்டாள், ஜூகோ குறுக்கே பாய்ந்து நெஞ்சில் வாங்கினான். அந்தச் சண்டைக்குப் போட்ட இசையைக் கேளுங்கள். அண்ணன் தங்கை இருவரும் சிவப்பும் நீலமுமாக எரிகிறார்கள், சத்தத்தையெல்லாம் குறைத்துவிட்டுச் சோகமான தந்தி இசையை ஓடவிட்டிருக்கிறார்கள். வெற்றி முரசு இல்லை. எடுத்தவர்களும் ஒப்பாரிதான் வைத்திருக்கிறார்கள்.

மலைப்பாதை டீச்சர் | திங்கள், இரவு 10.55

தம்பி, உங்கள் பெரியம்மா சொன்னதை நாளைக்கு என் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

குன்னூர் ரயிலடி | திங்கள், இரவு 10.58

தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர்.

கூடலூர்ப் பேத்தி | செவ்வாய், காலை 7.20

கடைசிக் காட்சியை நேற்று மறுபடி பார்த்தேன். பா சிங் சேயில் ஐரோவின் சொந்த டீக்கடை. எல்லாரும் கூடியிருக்கிறார்கள். ராஜாவான பிறகும் ஜூகோ தட்டை எடுத்து எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருக்கிறான். அகதியாக இருந்தபோது கற்ற வேலையை அவன் விடவில்லை என்பது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சிறையில் போய் ஓசாயிடம், என் அம்மா எங்கே என்று கேட்கிறான்.

அசூலா எங்கே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பின்னால் வந்த காமிக்ஸில் அவளை மனநல விடுதியில் காட்டுகிறார்கள், அம்மாவைத் தேடும் பயணத்தில் அவளும் வருகிறாள். அதெல்லாம் தனிக்கதை. தொலைக்காட்சித் தொடரில் அந்தச் சங்கிலியோடு அவள் கதை நிற்கிறது. மேகத்தின் தங்கை கண்டுபிடித்தது சரிதான்.

குன்னூர் ரயிலடி | செவ்வாய், இரவு 9.30

இன்றைக்கு ஜூகோவும் அசூலாவும் பயிற்சி செய்கிற முதல் காட்சிகள் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஜூகோவின் பயிற்சி தொடரின் ஆரம்பத்திலேயே கப்பல் தளத்தில் வரும். சரியாக வராது, ஐரோ திருத்துவார். பலம் கையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்பார். பையன் கத்துவான், அடுத்த பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்று. பெரியப்பா சரி என்பார், ஆனால் அவசரப்பட மாட்டார். முதலில் என் வாத்துக் கறியைச் சாப்பிட்டு முடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்.

அசூலாவின் பயிற்சி, மேகம் சொன்ன அந்தக் காட்சி. மின்னல் கச்சிதமாகப் பாய்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் லோ, லீ என்ற இரட்டைக் கிழவிகள். பெரியப்பா இல்லை, அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. கலைந்த கற்றையை அவளாகக் கண்டுபிடித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. கிட்டத்தட்டக் கச்சிதம், ஒரு முடி மட்டும் கலைந்திருக்கிறது என்று அந்தக் கிழவிகள்தான் சொல்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள்.

கோத்தகிரி மேகம் | செவ்வாய், இரவு 9.50

அண்ணா, மூன்று தடவை பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. இதோ அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். முதல் பகுதியிலிருந்து மறுபடி போடுகிறோம்.